ஏ-40 எங்களுடையது, இலச்சினை யாருடையது?

சில மாதங்களுக்கு முன்னர் நண்பர் ஒருவரின் மகள் தொலைபேசியில் அழைத்தாள். யாழ்ப்பாணத்தில் வீட்டிலேயே ரீசேர்ட் அச்சிட்டு விற்கிறவள். பல்கலைக்கழகம் முடித்து இரண்டு வருடம் வேலையில்லாமல் இருந்துவிட்டு, தாயின் சீட்டுக் காசில் சூட்டில் அழுத்தி அச்சிடும் சிறிய இயந்திரம் ஒன்றை வாங்கித் தொடங்கிய தொழில் அது. முதலில் பழைய மாணவர் ஒன்றுகூடல்களுக்கும் கிரிக்கெட் சுற்றுப்போட்டிகளுக்கும் அச்சிட்டாள். பிறகு தன் அப்பப்பாவின் ஒஸ்ரின் ஏ-40 காரைக் கோட்டுச் சித்திரமாக வரைந்து, அதற்கு மேலே சிறகு விரித்த 'ஏ' எழுத்து இலச்சினையையும் கீழே கம்பனியின் பெயரையும் போட்டு ஒரு ரீசேர்ட் செய்தாள். அது விற்றது. அடுத்து மொறிஸ் மைனர், மினி, வொக்ஸ்வாகன் 'ஆமைக் கார்'. ரீசேர்ட்டில் இருந்து மக், ஸ்ரிக்கர், திறப்புக் கோர்வை என்று பெருகியது. வெளிநாட்டு இணையச் சந்தைத் தளம் ஒன்றில் படங்களை ஏற்றினாள். ரொறன்ரோவில் இருந்தும் லண்டனில் இருந்தும் ஓடர்கள் வந்தன. வாங்கியவர்களில் பெரும்பாலானோர் எங்கட ஆட்கள்.

ஒரு நாள் காலையில் அவளுடைய விற்பனைப் பக்கம் காணாமற்போயிருந்தது. வியாபாரக் குறி மீறல் என்று இரண்டு வரியில் ஒரு மின்னஞ்சல். எந்தக் குறி, யார் முறைப்பாடு செய்தது என்ற விபரம் அதில் இல்லை. விற்ற காசில் கைக்கு வராத பகுதியும் தளத்திலேயே நின்றுவிட்டது.

"மாமா, ஒஸ்ரின் கொம்பனி இப்ப இல்லையே. பிறகு ஆர் என்னைக் கேக்கிறது?" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அது எங்கட காரில்லையோ?" என்றும் கேட்டாள்.

இரண்டு கேள்விகளும் நியாயமானவை. ஆனால் முதலாவதற்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. இரண்டாவது கேள்வி சட்டத்துக்கு விளங்காது.

விளங்காததற்குக் காரணம், அந்தக் கேள்வியின் பின்னால் இருக்கும் வரலாறு எந்தப் பதிவேட்டிலும் இல்லாதது. பேர்மிங்ஹாம் அருகே லோங்பிறிட்ஜில் செய்யப்பட்ட கார்கள் யாழ்ப்பாணத்தின் அடையாளமாக மாறியது அந்தக் கம்பனியின் விளம்பரத்தால் அல்ல. 'ஏ போட்டி' என்று ஊரில் அழைக்கப்பட்ட அந்தக் காரும், சோமசெட்டும், கேம்பிரிட்ஜும், மொறிஸ் ஒக்ஸ்போட்டும் இங்கே வாடகைக் கார்களாக, கலியாணக் கார்களாக, பிள்ளைத்தாச்சியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் கார்களாக ஓடின. 1990இற்குப் பின் பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லாமற்போனபோது, சொட்டுப் பெற்றோலில் இயந்திரத்தைத் தொடக்கி மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள். பின்னால் வெண்புகை. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் கூரையில் பாயும் அண்டாவும் கட்டிக்கொண்டு தென்மராட்சிக்குப் போன வாகனங்களில் இவையும் இருந்தன. உதிரிப்பாகம் இல்லாத காலத்தில் இவற்றை ஓட வைத்தவர்கள் எங்கள் கராஜ்காரர்கள். ஒஸ்ரின் என்ற பெயர் 1980களிலேயே புதிய கார்களில் இருந்து மறைந்துவிட்டது. செய்தவன் கைவிட்ட பொருளை வைத்திருந்து காப்பாற்றியது இந்த மண். ஆகவே "எங்கட கார்" என்பது வெறும் உணர்ச்சிப் பேச்சு அல்ல.

எனினும் கார் வேறு, காரின் பெயர் வேறு. அந்தப் பிள்ளை விற்றது காரை அல்ல.

வியாபாரக் குறி என்பது ஒரு நிறுவனத்தின் பொருளை மற்றைய நிறுவனங்களின் பொருட்களில் இருந்து வேறுபடுத்திக் காட்டும் அடையாளம். இலங்கையில் இதை ஆள்வது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். கொழும்பில் உள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் ஒரு குறியைப் பதிந்தால் பத்து வருடங்களுக்குச் செல்லும். பிறகு பத்துப் பத்து வருடங்களாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். பதிப்புரிமைக்கு என்றோ ஒருநாள் முடிவு வரும். ஒரு எழுத்தாளர் இறந்து 70 வருடங்களில் அவருடைய நூல் பொதுச் சொத்தாகிவிடும். வியாபாரக் குறிக்கு அப்படி ஒரு முடிவுநாள் இல்லை. கட்டணம் கட்டி, பயன்படுத்திக்கொண்டிருக்கும்வரை அது உயிரோடு இருக்கும். கார் பழசாகிவிட்டது, ஆகவே பெயரும் பழசாகிவிட்டது என்று நினைப்பவர்கள் தடுக்கி விழும் முதல் இடம் இதுதான்.

குறிகள் வகுப்பு வகுப்பாகப் பதியப்படுகின்றன. சர்வதேச வகைப்படுத்தலில் 45 வகுப்புகள் உண்டு. வாகனம் 12ஆம் வகுப்பு. உடை 25. விளையாட்டுப் பொருள் 28. மக், கோப்பை 21. ஸ்ரிக்கர் 16. கார்க் கம்பனி 12ஆம் வகுப்பில் மட்டும் பதிந்திருந்தால் ரீசேர்ட்காரர் ஓரளவு மூச்சுவிடலாம். ஆனால் பெரிய கம்பனிகள் அப்படி விடுவதில்லை. காரில் வரும் இலாபத்துக்கு மேலதிகமாகத் தொப்பியிலும் பொம்மையிலும் வரும் வருமானம் அவர்களுக்கு ஒரு தனி வியாபாரம்.

நமது சட்டம் இன்னும் கொஞ்சம் அகலமாக வலை வீசுகிறது. பொதுமக்களைக் குழப்பக்கூடிய பயன்பாட்டை மட்டுமல்ல, நியாயமான காரணமின்றி குறியின் உரிமையாளருடைய நலனைப் பாதிக்கக்கூடிய வேறு பயன்பாட்டையும் தடுக்கும் உரிமையை அது கொடுக்கிறது. இங்கே பதியாத குறிக்கும்கூட நியாயமற்ற போட்டிக்கு எதிரான ஏற்பாடுகள் கைகொடுக்கும். தெரிந்தே மீறினால் அது குடியியல் வழக்கோடு நிற்காது. நீதவான் முன்னிலையில் குற்றமாகவும் வரலாம். தண்டப்பணம், சிறை இரண்டுக்கும் சட்டத்தில் இடமுண்டு.

சரி, செத்த கம்பனிக்கு வருவோம்.

ஒஸ்ரினும் மொறிஸும் 1952இல் ஒன்றிணைந்து பிரிட்டிஷ் மோட்டார் கோப்பரேஷன் ஆகின. 1968இல் அது பிரிட்டிஷ் லேலண்டுக்குள் போனது. பல பெயர் மாற்றங்களுக்குப் பிறகு றோவர் குழுமமாகி, 1994இல் ஜேர்மனியின் பி.எம்.டபிள்யூ. அதை வாங்கியது. 2000இல் பி.எம்.டபிள்யூ. கையைக் கழுவியபோது மினி என்ற பெயரைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. மிச்சம் எம்.ஜி. றோவர் ஆகி 2005இல் முறிந்தது. அதன் சொத்துக்களைச் சீனாவின் நன்ஜிங் நிறுவனம் வாங்கியது. ஒஸ்ரின், மொறிஸ் என்ற பெயர்களும் அந்தப் பொதியோடு போயின. 2007இல் நன்ஜிங் ஷங்காயின் எஸ்.ஏ.ஐ.சி.யுடன் இணைந்தது. இதற்கு வெளியே, பிரிட்டிஷ் லேலண்ட் 1975இல் தொடக்கிய பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்ற நிறுவனம் இன்று தனியார் கையில் இருந்துகொண்டு பழைய கார்களின் பாகங்களைச் செய்கிறது, அந்தப் பழைய பெயர்களுக்கு உரிமமும் வழங்குகிறது. அதாவது தொழிற்சாலை மூடினாலும் பெயர் சொத்தாக விற்கப்படும், கை மாறும், நாட்டுக்கு நாடும் வகுப்புக்கு வகுப்பும் வேறு வேறு ஆட்களிடம் கூட இருக்கலாம். யாழ்ப்பாணத்துப் பிள்ளை அப்பப்பாவின் காரை வரைந்தபோது அவள் தொட்டது லோங்பிறிட்ஜில் இடிக்கப்பட்ட ஒரு கட்டடத்தை அல்ல. யாரோ ஒருவருடைய கணக்கேட்டில் இன்னும் பெறுமதி போட்டு வைத்திருக்கும் ஒரு சொத்தை.

பயன்படுத்தாத குறியை ரத்துச் செய்யக் கேட்கலாமே என்று சட்டம் தெரிந்த ஒருவர் கேட்கக்கூடும். கேட்கலாம். ஐரோப்பாவில் ஐந்து வருடம் தொடர்ந்து பயன்படுத்தாவிட்டால் குறி பறிபோகும். ஆனால் அந்தப் 'பயன்பாடு' எவ்வளவு சிறியதாக இருக்கலாம் என்பதை ஃபெராரி வழக்கு காட்டியது. டெஸ்ராரொஸா என்ற காரை ஃபெராரி 1984 முதல் 1996 வரை செய்தது. அந்தப் பெயர் பயன்படுத்தப்படவில்லை, ஆகவே நீக்குங்கள் என்று ஜேர்மனியில் ஒருவர் வழக்குப் போட்டார். கீழ் நீதிமன்றமும் ஒத்துக்கொண்டது. 2020 ஒக்ரோபரில் ஐரோப்பிய நீதிமன்றம் வேறுவிதமாகச் சொன்னது: ஏற்கெனவே விற்ற கார்களுக்கு உதிரிப்பாகம் விற்று, அதற்கு அந்தக் குறியைப் பாவித்தாலே அது உண்மையான பயன்பாடாகலாம். பழைய கார் தெருவில் ஓடிக்கொண்டிருக்கும்வரை அதற்கு யாராவது பாகம் விற்றுக்கொண்டிருப்பார்கள். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. எங்கள் கராஜ்காரர்களைப் போல உலகெங்கும் பழைய காரைக் கைவிடாதவர்கள்தான், தங்களுக்குத் தெரியாமலே, அந்தப் பெயரின் மீதான கம்பனியின் உரிமையையும் உயிரோடு வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பிள்ளை தன் பக்கத்தில் ஒரு வரி எழுதியிருந்தாள்: இது கார்க் கம்பனியின் அதிகாரபூர்வமான பொருள் அல்ல, ரசிகர் ஒருவரின் படைப்பு. அந்த வரி தன்னைக் காப்பாற்றும் என்று நம்பியிருந்தாள். இப்படி நம்பிய இன்னொருவரின் கதை காருடன் அல்ல, காற்பந்துடன் தொடர்புடையது. ஆனால் நினைவுப் பொருள் விற்கிற எவரும் அறிய வேண்டிய கதை.

மத்தியூ றீட் என்பவர் 1970இல் இருந்து லண்டனில் ஆர்சனல் கழகத்தின் ஹைபரி மைதானத்துக்கு வெளியே கடை விரித்திருந்தார். ஆர்சனல் பெயரும் சின்னமும் போட்ட சால்வைகள், சேர்ட்டுகள். தன் கடையில் பெரிதாக ஒரு அறிவித்தலும் வைத்திருந்தார். இவற்றிலுள்ள சின்னங்கள் அலங்காரத்துக்கு மட்டுமே, கழகத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பது அதன் சாரம். முப்பது வருடத்துக்குப் பிறகு கழகம் வழக்குப் போட்டது. வாங்குகிறவர்கள் இதைப் பொருளின் மூலத்தைக் காட்டும் குறியாகப் பார்ப்பதில்லை, தங்கள் அபிமானத்தின் அடையாளமாகவே பார்க்கிறார்கள் என்பது றீட்டின் வாதம். லண்டன் மேல் நீதிமன்ற நீதியரசர் அதை ஏற்றார். ஆனால் 2002 நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் கழகத்தின் பக்கம் நின்றது. கடையில் அறிவித்தலைப் படித்தவருக்குத் தெரியலாம். அந்தச் சால்வையை வேறொருவர் கழுத்தில் தெருவில் காண்பவருக்கு அந்த அறிவித்தல் தெரியாதே என்றது. 2003இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் றீட் முடிவாகத் தோற்றார்.

மூன்று தசாப்தம் ஒரே இடத்தில் நின்று விற்றவர். கழகம் அவரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. 'இவ்வளவு நாளும் ஒருவரும் கேட்கவில்லை' என்பது உரிமை அல்ல என்பதையும் அந்த வழக்கில் இருந்து படித்துக்கொள்ளலாம்.

காருக்கே நேரடியாகப் பொருந்தும் வழக்கு அமெரிக்காவில் நடந்தது. ஓட்டோமோட்டிவ் கோல்ட் என்ற நிறுவனம் வொக்ஸ்வாகன், அவுடி இலச்சினைகள் போட்ட திறப்புக் கோர்வைகளையும் இலக்கத்தகட்டு உறைகளையும் விற்றது. மக்கள் இந்த இலச்சினையை வாங்குவது அதன் அழகுக்காக, ஆகவே இங்கே இலச்சினைதான் பொருளின் பயன் என்று அது வாதிட்டது. கேட்க நல்ல வாதம். 2006இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அப்படி ஏற்றால் புகழ்பெற்ற எந்தக் குறிக்குமே பாதுகாப்பு இருக்காது, ஏனென்றால் எல்லாப் புகழ்பெற்ற குறியையும் மக்கள் விரும்பத்தான் செய்கிறார்கள் என்பது அதன் போக்கு. பொதியில் தொடர்பில்லை என்று எழுதியதும் உதவவில்லை.

இவ்வளவையும் சொல்லி முடித்தபோது மறுமுனையில் பிள்ளை பேசவில்லை. ஆனால் கதை இதோடு முடியவில்லை. பயப்படுத்துகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பாதியை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

ஜேர்மனியில் ஓட்டெக் என்ற சிறிய பொம்மைக் கம்பனி, ஓபல் அஸ்ட்ரா காரின் தூர இயக்கிப் பொம்மையைச் செய்தது. அசலைப் போலவே, முன்பக்கத்தில் ஓபலின் மின்னல் இலச்சினையோடு. ஓபல் தன் குறியைப் பொம்மைகளுக்கும் பதிந்து வைத்திருந்தது. வழக்கு நூரம்பேர்க்கில் தொடங்கி ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. 2007 ஜனவரியில் அந்த நீதிமன்றம், குறியின் பணிகளுக்குப் பாதிப்பு வருகிறதா என்பதைப் பார்க்க வேண்டும் என்று கூறித் தேசிய நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பியது. 2010இல் ஜேர்மனியின் உச்ச நீதிமன்றம் பொம்மைக் கம்பனியின் பக்கம் முடித்து வைத்தது. வாங்குகிறவர் அந்த இலச்சினையைக் கண்டு 'இந்தப் பொம்மை ஓபல் செய்தது' என்று நினைப்பதில்லை. அசல் காரில் இருப்பதால் பொம்மையிலும் இருக்கிறது, அவ்வளவுதான் என்று நினைக்கிறார். பொம்மையின் கட்டுப்படுத்தியிலும் கையேட்டிலும் ஓட்டெக் தன் சொந்த வியாபாரப் பெயரைத் தெளிவாகப் போட்டிருந்ததும் முக்கியம்.

திறப்புக் கோர்வைக்கும் பொம்மைக் காருக்கும் இடையே உள்ள வித்தியாசத்தை அந்தப் பிள்ளை நான் சொல்ல முன்னரே பிடித்துவிட்டாள். "அங்க படத்துக்குள்ள இலச்சினை இருக்கு. இங்க இலச்சினையைத்தான் விக்கினம்." இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

அவளுடைய ரீசேர்ட்டில் காரின் பொனட்டில் நுனிப்புள்ளியாக ஒரு சின்னம் இருப்பது ஒன்று. நெஞ்சுக்கு நடுவே சிறகு விரித்த 'ஏ'யைத் தனியாகப் பிய்த்தெடுத்துப் பெரிதாகப் போடுவது வேறொன்று. ஜேர்மன் தீர்ப்பு கொழும்பு நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது என்பது உண்மை. பொம்மைக்குச் சொன்னது ரீசேர்ட்டுக்கு அப்படியே பொருந்தும் என்றும் யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆயினும் ஆபத்து எந்தத் திசையில் கூடுகிறது, எந்தத் திசையில் குறைகிறது என்பதை அது காட்டுகிறது.

பெயரைச் சொல்வதே குற்றம் என்று நினைக்கவும் வேண்டியதில்லை. நமது சட்டமே ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. ஒரு பொருளின் வகை, தன்மை, நோக்கம் போன்றவற்றை நேர்மையாகக் குறிப்பிடுவதற்காக, அடையாளம் காட்டும் அளவோடு நின்று, மூலத்தைப் பற்றி மக்களை ஏமாற்றாமல் ஒரு சொல்லைப் பாவிப்பதை அது தடுப்பதில்லை. நெதர்லாந்தில் பி.எம்.டபிள்யூ. கார்களைத் திருத்துகிற ஒரு தனிக் கராஜ்காரர் தான் அந்தக் கார்களைத் திருத்துகிறேன் என்று விளம்பரம் செய்யலாம் என்று 1999இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. கம்பனியோடு விசேட தொடர்பு உள்ளவர்போலக் காட்டக்கூடாது, அவ்வளவுதான். 1990களில் தென்னிலங்கையில் ஒரு பட்டறை மொறிஸ் மைனருக்கான தகடுகளைச் செய்து பிரித்தானியாவுக்கு அனுப்பியது. 'மொறிஸ் மைனருக்குப் பொருந்தும் தகடு' என்று சொல்லாமல் அதை எப்படி விற்பது? ஆகவே 'ஏ-40 காரின் ஓவியம்' என்று விபரத்தில் எழுதுவது ஒரு வகை. 'ஒஸ்ரின் ரீசேர்ட்' என்று தலைப்பிடுவது வேறு வகை. முதலாவது படத்தைப் பற்றிப் பேசுகிறது. இரண்டாவது ரீசேர்ட்டின் தாய் தகப்பனைப் பற்றிப் பேசுகிறது.

காரின் உருவத்தையே குறியாக்க முடியுமா? சில கம்பனிகள் முயல்கின்றன. லாண்ட் றோவர் டிஃபென்டரின் உருவத்தைப் பிரித்தானியாவில் குறியாகப் பதிய ஜகுவார் லாண்ட் றோவர் எடுத்த முயற்சியை 2020இல் லண்டன் மேல் நீதிமன்றம் ஏற்கவில்லை. ஒவ்வொரு உருவத்துக்கும் இதே முடிவு வரும் என்பதில்லை. ஆனால் சொந்தக் கையால் ஒரு பழைய காரை வரைகிறவருக்கு, இலச்சினையைப் பிரதி செய்கிறவரை விட நிலம் உறுதியாக இருக்கிறது. சொந்தக் கையால் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். இணையத்தில் கிடைத்த படத்தை இறக்கி அச்சிட்டால் படம் எடுத்தவருடைய பதிப்புரிமை தனியாகக் குறுக்கே வரும்.

இவ்வளவும் நீதிமன்றங்கள் சொன்னவை. அந்தப் பிள்ளையின் பக்கத்தை மூடியது எந்த நீதிமன்றமும் அல்ல. அங்கேதான் இன்றைய பிரச்சினை இருக்கிறது.

இணையச் சந்தைகள் தங்கள் மீது வழக்கு வராமல் பார்த்துக்கொள்வதற்காக, உரிமையாளர் என்று சொல்லி ஒருவர் முறைப்பாடு கொடுத்தால் முதலில் பொருளை இறக்கிவிடுகின்றன. சிலவேளை முறைப்பாடுகூட இல்லாமல், சொற்களைத் தேடும் ஒரு மென்பொருளே அந்த வேலையைச் செய்கிறது. ஓபல் வழக்கின் நுட்பமான வித்தியாசம் அந்த மென்பொருளுக்குத் தெரியாது. படத்துக்குள் இலச்சினையா, இலச்சினையே படமா என்று அது பார்ப்பதில்லை. மேல்முறையீடு செய்ய ஆங்கிலத்தில் ஒரு படிவம் உண்டு. அதை நிரப்பும் ரொறன்ரோ வியாபாரியும் யாழ்ப்பாணத்துப் பிள்ளையும் சமமானவர்கள் அல்ல. சட்டத்தில் அவளுக்கு ஒரு வாதம் இருக்கலாம். ஆனால் வாதாட இடமில்லை.

உள்ளூரில் மட்டும் விற்றால் தப்பலாமா? ஊரில் தெருவோரக் கடைகளில் உலகப் பெயர்கள் அத்தனையும் போட்ட போலிச் சேர்ட்டுகள் வெளிச்சமாகத் தொங்குகின்றன. அவற்றை வரைந்தவன் யாரும் இல்லை. அப்படியே திருடியவை. சொந்தமாக வரைந்து, தன் பெயரில், முகவரியோடு இணையத்தில் விற்றவள் பிடிபடுகிறாள். சட்டம் நேர்மையீனத்தைத் தேடிப் போவதில்லை, கண்ணுக்குத் தெரிவதைத் தேடித்தான் போகிறது. அதற்காகத் தெருவோரத்துக்குப் போ என்று அவளுக்குச் சொல்ல முடியுமா? லண்டனுக்கு ஒரு பார்சல் அனுப்பும் கணத்தில் பிரித்தானியச் சட்டமும், ரொறன்ரோவுக்கு அனுப்பும்போது கனடியச் சட்டமும் கணக்கில் வந்துவிடுகின்றன. அவளுடைய சந்தை அங்கேதான் இருக்கிறது. ஏ-40இல் போன கடைசித் தலைமுறையில் பாதி அங்கேதான் இருக்கிறது.

இங்கே ஆலோசனை கேட்கப் போனால் அலுவலகமும் கொழும்பில், புலமைச் சொத்து வழக்குகளை விசாரிக்கும் வணிக மேல் நீதிமன்றமும் கொழும்பில். சுயதொழில் என்று வடக்கில் எத்தனையோ பயிற்சிப் பட்டறைகள் நடக்கின்றன. கேக் செய்யவும் கணக்கு எழுதவும் முகநூலில் படம் போடவும் சொல்லிக் கொடுக்கிறார்கள். நான் பார்த்த நிகழ்ச்சி நிரல்களில் வியாபாரக் குறி பற்றி அரை மணித்தியாலம்கூட இருக்கவில்லை. கடன் கொடுக்கிறவர்களும் கேட்பதில்லை. இயந்திரத்தை வாங்கிய பிறகு எதை அச்சிடலாம், எதை அச்சிடக்கூடாது என்று சொல்ல ஆளில்லாத நிலையில், முதல் பாடத்தை அந்த இரண்டு வரி மின்னஞ்சல்தான் நடத்துகிறது.

எச்சரிக்கைக் கடிதம் வந்தால் என்ன செய்வது என்றும் கேட்டாள். கிழித்தெறியவும் வேண்டாம், பயந்து எழுதிக் கேட்ட அத்தனையையும் ஒப்புக்கொண்டு கையெழுத்திடவும் வேண்டாம் என்றேன். அந்தப் பொருளின் விற்பனையை உடனே நிறுத்திவிட்டு, எழுதியவர் உண்மையில் எந்த நாட்டில் எந்த வகுப்பில் எந்தக் குறியை வைத்திருக்கிறார் என்று கேட்க வேண்டும். பதிவேடுகள் பல நாடுகளில் இணையத்தில் திறந்தே இருக்கின்றன, காசில்லாமல் தேடலாம். கடிதத்துக்குக் காத்திராமல் அச்சிட முன்னரே தேடுவது இன்னும் நல்லது. எண்ணிக்கை பெரிதாகப் போவதாக இருந்தால் உரிமம் கேட்டு எழுதலாம். உரிமம் வழங்குவதையே தொழிலாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று மேலே சொன்னேன். ஆனால் மாதம் இருபது ரீசேர்ட் விற்கிறவளுக்கு உரிமக் கட்டணம் கட்டுபடியாகுமா என்பது சந்தேகம்தான். இந்த முறைமை அவளைப் போன்றவர்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டதல்ல.

பிறகு நான் அவளிடம் ஒரு கேள்வி கேட்டேன். ரொறன்ரோவில் இருக்கிறவர் அந்த ரீசேர்ட்டை வாங்குவது ஒஸ்ரின் கம்பனிக்காகவா?

அடுத்த வாரம் புதிய வரைபுகளை அனுப்பியிருந்தாள். ஒன்றில் கூரை நிறையச் சாமான் கட்டிய கார், பக்கத்தில் மண்ணெண்ணெய்க் கான், பின்னால் புகை. இன்னொன்றில் மாலை போட்ட கலியாணக் கார். மூன்றாவதில் காரே இல்லை: 'ஈ.என்.' என்று தொடங்கும் பழைய இலக்கத்தகடு மட்டும். ஸ்ரீ எழுத்து வந்து ஊரெல்லாம் எதிர்ப்புக் கிளம்ப முந்திய காலத்துத் தகடு. கழுத்துப் பட்டியின் உள்ளே தன் சொந்தக் கடைப் பெயரைச் சிறிதாகப் போட்டிருந்தாள். அந்தப் பெயரை 25ஆம் வகுப்பில் பதிய விண்ணப்பிக்கப் போவதாகவும் எழுதியிருந்தாள். பொனட் நுனியில் இருந்த சின்னத்தை விடுவதா அழிப்பதா என்று கேட்டாள். ஜேர்மன் பொம்மைக் கதையை நம்பி விடலாம், மென்பொருளுக்குப் பயந்து அழிக்கலாம் என்றேன். அழித்துவிட்டாள். அப்பப்பாவிடம் காட்டியபோது அவர் ஒரு பார்வையிலேயே "சோமசெட்" என்றாராம்.

தடுத்து வைத்த காசு இன்னும் வரவில்லை. விற்காமல் மிஞ்சிய 37 பழைய ரீசேர்ட்டுகள் அலுமாரியில் கிடக்கின்றன. அவற்றில் ஒன்றை அப்பப்பா எடுத்து வீட்டில் போட்டுக்கொண்டு திரிகிறாராம். விற்காதவரை அதற்கு எந்தச் சட்டத்திலும் தடையில்லை.